தன் வழக்குக்கு நீதிபதியைத் தேர்ந்தெடுக்கலாமா? கேப்பர்டன் – மாஸி வழக்கு

நீதிபதிகளை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டுமா, இல்லை நியமிக்க வேண்டுமா என்ற பேச்சு வந்தால் இரண்டு தரப்பும் உடனே ஜனநாயகம், மக்கள் இறையாண்மை, நீதித்துறைச் சுதந்திரம் என்று பெரிய வார்த்தைகளுக்குப் போய்விடுகிறார்கள். நான் அந்த இடத்தில் ஒரே ஒரு வழக்கை எடுத்து வைப்பேன். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு நிலக்கரி நிறுவனத்துக்கும் அதைவிட மிகச் சிறிய இன்னொரு நிலக்கரி நிறுவனத்துக்கும் நடந்த வழக்கு அது. 2009ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதில் 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. யாருக்கும் யாரும் லஞ்சம் கொடுத்ததாக அதில் நிரூபிக்கப்படவில்லை, குற்றம் சாட்டப்படவும் இல்லை. நான் இந்த வழக்கைத் திரும்பத் திரும்பப் படித்ததற்கு அதுதான் காரணம்.

சுரங்கம் மூடப்பட்ட கதை

ஹ்யூ கேப்பர்டன் என்பவருடைய ஹார்மன் நிறுவனத்துக்குப் பக்கத்து மாநிலமான வர்ஜீனியாவின் புக்கனன் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) ஒரு சுரங்கம் இருந்தது. அங்கே வெட்டிய நிலக்கரியை வெல்மோர் என்ற நிறுவனம் நீண்டகால ஒப்பந்தத்தில் வாங்கி, எல்.டி.வி. எஃகு நிறுவனத்தின் பிட்ஸ்பர்க் ஆலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. 1997ல் வெல்மோரின் தாய் நிறுவனத்தை ஏ.டி. மாஸி கோல் கம்பெனி விலைக்கு வாங்கியது. மாஸியின் தலைவர் டான் பிளாங்கன்ஷிப்.

வெல்மோர் கைக்கு வந்ததும், 'எதிர்பாராத தடை' என்று ஒப்பந்தத்தில் இருந்த ஷரத்தைக் காட்டி, ஹார்மனிடமிருந்து வாங்கும் நிலக்கரியின் அளவு பெருமளவு வெட்டப்பட்டது. ஒரே பெரிய வாடிக்கையாளரை நம்பி நடந்த சுரங்கம் அது. அப்புறம் ஹார்மனையே வாங்கிக்கொள்வதாக மாஸி பேச்சு நடத்தியது. பேச்சின் போக்கில் ஹார்மனின் உள்கணக்குகள் மாஸிக்குத் தெரியவந்தன. சுரங்கத்தை ஒட்டிய நிலக்கரி நிலத்தையும் மாஸி வாங்கிப் போட்டது. அதனால் ஹார்மனை வாங்க வேறு யாருக்கும் ஆசை வராமல் போனது. பிறகு மாஸி பேச்சிலிருந்து விலகிக்கொண்டது. 1998ல் ஹார்மன் திவால்.

கேப்பர்டன் மேற்கு வர்ஜீனியாவின் பூன் கவுண்டியில் வழக்குப் போட்டார். 2002 ஆகஸ்டில் ஜூரி, அதாவது சாதாரணக் குடிமக்கள் அடங்கிய நடுவர் குழு, அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மோசடியான தகவல் தந்தது, உண்மையை மறைத்தது, ஒப்பந்தத்தில் குறுக்கிட்டது ஆகியவற்றுக்கு மாஸி பொறுப்பு, இழப்பீடு 5 கோடி டாலர். தீர்ப்பை மாற்றக் கோரிய மாஸியின் மனுக்களை 2004 ஜூனில் விசாரணை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இனி மேல்முறையீடு ஒன்றுதான் வழி.

அந்த மாநிலத்தில் அப்போது இடைநிலை மேல்முறையீட்டு நீதிமன்றம் கிடையாது. மேலே போனால் நேராக மாநில உச்ச நீதிமன்றம்தான். அதில் 5 நீதிபதிகள், ஒவ்வொருவருக்கும் 12 ஆண்டுப் பதவி. அந்த ஐவரும் மாநில மக்கள் ஓட்டால், கட்சிச் சின்னத்தோடு போட்டியிட்டு வருகிறவர்கள். 2004 நவம்பரில் அதில் ஓர் இடத்துக்குத் தேர்தல் வந்தது.

2004 தேர்தல்

பதவியில் இருந்தவர் ஜனநாயகக் கட்சியின் வாரன் மெக்ரா. எதிர்த்து நின்றவர் சார்ல்ஸ்டன் நகரத்து வழக்கறிஞர் ப்ரெண்ட் பெஞ்சமின், குடியரசுக் கட்சி.

ஒரு வேட்பாளரின் பிரசாரக் குழுவுக்கு ஒருவர் நேரடியாகத் தரக்கூடிய உச்சவரம்பு 1,000 டாலர். பிளாங்கன்ஷிப் பெஞ்சமின் குழுவுக்கு அந்த 1,000 டாலரைக் கொடுத்தார். சட்டத்தின் கண்ணுக்குத் தேர்தல் நன்கொடை அவ்வளவுதான். அதற்கு வெளியே, மெக்ராவைத் தோற்கடிக்க வேலை செய்த 'அண்ட் ஃபார் த சேக் ஆஃப் த கிட்ஸ்', அதாவது 'குழந்தைகளுக்காகவும்' என்று பெயர் வைத்துக்கொண்ட அமைப்புக்கு ஏறக்குறைய 25 லட்சம் டாலர் கொடுத்தார். அந்த அமைப்பு திரட்டிய மொத்தப் பணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் அவர் ஒருவருடையது. இதுபோக, வீடு வீடாக அனுப்பிய கடிதங்கள், தொலைக்காட்சி, பத்திரிகை விளம்பரங்கள் என்று தனியாக இன்னும் 5 லட்சம் டாலருக்குக் கொஞ்சம் அதிகம். ஆக மொத்தம் 30 லட்சம் டாலர். பெஞ்சமினின் மற்ற ஆதரவாளர்கள் அத்தனை பேரும் சேர்ந்து செலவழித்ததைவிட இது அதிகம். பெஞ்சமினின் சொந்தப் பிரசாரக் குழு செலவழித்ததைப்போல் மூன்று மடங்கு.

விளம்பரங்கள் நிலக்கரியைப் பற்றியோ ஒப்பந்தச் சட்டத்தைப் பற்றியோ பேசவில்லை. சிறுவர்கள்மீது பாலியல் குற்றம் செய்த ஒருவனைச் சிறையிலிருந்து விட்டு, பள்ளியில் வேலை செய்யவும் இடம் கொடுத்தவர் மெக்ரா என்று அவை பேசின. மாநில உச்ச நீதிமன்றத்தின் அன்றாட வேலை என்ன, அங்கே வரிசையில் நிற்கும் வழக்குகள் எவை என்று விளம்பரம் பார்த்த வாக்காளருக்குத் தெரிய வழியே இல்லை. 5 கோடி டாலர் தீர்ப்பு ஒன்று அதே நீதிமன்றத்துக்கு வந்துகொண்டிருக்கிறது என்பதும்தான்.

பெஞ்சமின் 3,82,036 ஓட்டு, மெக்ரா 3,34,301 ஓட்டு. வித்தியாசம் 47,735.

நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பணத்தால் மட்டுமே பெஞ்சமின் வென்றார் என்று சொல்ல முடியாது. மெக்ரா விவாதத்துக்கும் பேட்டிக்கும் வர மறுத்தார். தொழிலாளர் தினக் கூட்டம் ஒன்றில் அவர் ஆவேசமாகப் பேசிய பேச்சு எதிர்த்தரப்புக்கு நல்ல தீனியானது. மாநிலத்தின் பல பத்திரிகைகள் பெஞ்சமினை ஆதரித்து எழுதின. பிளாங்கன்ஷிப்பின் பணம் வராமலிருந்தாலும் அவர் வென்றிருக்கலாம். இந்த 'கலாம்'தான் பிறகு எல்லாரையும் படுத்தியெடுத்தது.

விலகச் சொல்லி மூன்று முறை

2005 அக்டோபரில், மாஸி மேல்முறையீட்டு மனுவைப் போடுவதற்கு முன்பே, கேப்பர்டன் தரப்பு பெஞ்சமினை இந்த வழக்கிலிருந்து விலகும்படி கேட்டது. அந்த மனுவை யார் முடிவு செய்வது? பெஞ்சமினேதான். அந்த நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி விலக வேண்டுமா என்பதை அதே நீதிபதிதான் சொல்வார். 2006 ஏப்ரலில் அவர் மறுத்தார். தனக்கு எந்தத் தரப்புமீதும் சாய்வு இருப்பதாகக் காட்டும் ஆதாரம் எதுவும் இல்லை என்பது அவர் சொன்ன காரணம். உண்மைதான், அப்படி ஆதாரம் எதுவும் தாக்கலாகவில்லை. ஒரு மனிதரின் மனத்துக்குள் இருக்கும் சாய்வுக்கு என்ன ஆவணத்தைத் தாக்கல் செய்வது?

2007 நவம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் 3க்கு 2 என்ற கணக்கில் ஜூரி தீர்ப்பை ரத்து செய்தது. பெரும்பான்மையில் ராபின் டேவிஸ், ஸ்பைக் மேனார்ட், பெஞ்சமின். மாஸி நடந்துகொண்ட விதத்துக்கு இப்படிப்பட்ட தீர்ப்பு தகும் என்று பெரும்பான்மைத் தீர்ப்பே ஒப்புக்கொண்டது. ஆனாலும் இரண்டு சட்டக் காரணங்களால் வழக்கு நிற்காது என்றது. தகராறு வந்தால் வர்ஜீனியாவில்தான் தீர்க்க வேண்டும் என்று ஓர் ஒப்பந்தத்தில் ஷரத்து இருக்கிறது, வேறு மாநிலத்தில் முன்பே ஒரு தீர்ப்பு வந்திருக்கிறது என்பவை அந்தக் காரணங்கள். அந்த ஒப்பந்தத்திலும் மாஸி ஒரு தரப்பு அல்ல, அந்த முந்தைய வழக்கிலும் அல்ல.

அதற்குப் பிறகு புகைப்படங்கள் வெளியே வந்தன. வழக்கு நிலுவையில் இருந்த காலத்தில் நீதிபதி மேனார்டும் பிளாங்கன்ஷிப்பும் பிரான்ஸின் தெற்குக் கடற்கரையில் ஒன்றாக விடுமுறையில் இருந்த படங்கள். மறுவிசாரணை மனுவோடு சேர்த்து அவை நீதிமன்றத்துக்கு வந்ததும் மேனார்ட் விலகிக்கொண்டார். லாரி ஸ்டார்ச்சர் என்ற நீதிபதியும் விலகினார், ஆனால் எதிர்த் திசையிலிருந்து. 2004 தேர்தலில் பிளாங்கன்ஷிப் செய்ததைப் பொதுவெளியில் கடுமையாக விமர்சித்தவர் அவர். அதைக் காட்டி பிளாங்கன்ஷிப் தரப்பு கேட்டதும் ஒப்புக்கொண்டார். போகும்போது, பிளாங்கன்ஷிப்பின் பணமும் அரசியலும் நட்பும் இந்த நீதிமன்றத்தில் புற்றுநோயாகப் பரவிவிட்டன என்று எழுதிவைத்து, பெஞ்சமினும் விலக வேண்டும் என்று வேண்டினார்.

கேப்பர்டன் தரப்பு இரண்டாவது முறையாகக் கேட்டும் பெஞ்சமின் விலகவில்லை. மேனார்ட் இல்லாததால் இந்த வழக்கில் அவரே தற்காலிகத் தலைமை நீதிபதி ஆனார். விலகிய இருவருக்குப் பதிலாக இரண்டு கீழமை நீதிபதிகளை அவரே அமர்த்தினார். கேப்பர்டன் தரப்பு மூன்றாவது முறையாகக் கேட்டது. இந்த முறை ஒரு கருத்துக்கணிப்பையும் இணைத்தார்கள். கேட்கப்பட்ட மேற்கு வர்ஜீனியர்களில் 67 சதவீதத்துக்கும் மேல், பெஞ்சமின் நடுநிலையாக இருப்பாரா என்று சந்தேகப்பட்டார்கள். அந்தக் கணிப்பு நம்பத்தகுந்ததல்ல என்று சொல்லி மீண்டும் மறுத்தார். 2008 ஏப்ரலில் மறுபடியும் 3க்கு 2. கேப்பர்டன் மறுபடியும் தோற்றார். பெஞ்சமின் அமர்த்திய இருவரில் ஒருவர் பெரும்பான்மையோடும் மற்றவர் எதிர்த்தும் நின்றார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பெஞ்சமினை வில்லனாக வரைவது சுலபம். எனக்கு அப்படி எழுத மனம் வரவில்லை. மாஸி தோற்ற வேறு வழக்குகளில் அவர் மாஸிக்கு எதிராகவும் ஓட்டுப் போட்டிருக்கிறார் என்று மாஸி தரப்பு பட்டியலே கொடுத்தது. தான் நேர்மையாகத்தான் இருக்கிறோம் என்று அவர் உண்மையிலேயே நம்பியிருக்கலாம். துரியோதனன் பக்கம் நின்ற கர்ணனும் விலைக்குப் போனவன் அல்ல. செஞ்சோற்றுக் கடன் என்று நாம் சொல்வது லஞ்சத்தை அல்ல, நல்ல மனிதனையும் இழுக்கும் ஒன்றை. நன்றி மறக்காதவர் என்றால் அந்த இழுப்பு கூடத்தான் செய்யும்.

வாஷிங்டனில்

2009 மார்ச் 3ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வாதம் கேட்டது. ஜூன் 8ஆம் தேதி தீர்ப்பு. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் ஆண்டனி கென்னடி.

நீதிபதியின் பாரபட்சம் எப்போது அரசியல் சட்டப் பிரச்சினையாகிறது என்பதற்கு அங்கே 1927லிருந்து ஒரு முன்னுதாரணம் உண்டு. மதுவிலக்குக் காலம். ஒஹையோவில் ஒரு சிறிய ஊரின் மேயரே நீதிபதியாகவும் உட்கார்ந்து மதுவிலக்கு வழக்குகளை விசாரித்தார். டூமி என்பவருக்கு 100 டாலர் அபராதம் போட்டார். குற்றவாளி என்று தீர்ப்பானால் வழக்குச் செலவில் மேயருக்கு 12 டாலர் கிடைக்கும், நிரபராதி என்றால் ஒன்றும் கிடையாது. அந்த 12 டாலருக்காக உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. அந்த மேயர் பணத்துக்காகத்தான் தண்டித்தார் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. சராசரி மனிதன் ஒருவன் அந்த நாற்காலியில் இருந்தால் தராசு சாய ஆசை வருமா என்று மட்டும் கேட்டது.

கென்னடி அதே கேள்வியை 30 லட்சம் டாலருக்குப் பொருத்தினார். பெஞ்சமின் உண்மையிலேயே ஒருபக்கம் சாய்ந்தாரா என்று நாங்கள் ஆராயவில்லை, அவருடைய நேர்மையைச் சந்தேகிக்கவும் இல்லை என்று தெளிவாகவே எழுதினார். வழக்கு நிலுவையில் இருக்கும்போது, அல்லது வரப்போகிறது என்று தெரிந்திருக்கும்போது, அதில் சொந்த ஆதாயம் உள்ள ஒருவர், அதை விசாரிக்கப்போகும் நீதிபதி பதவிக்கு வருவதில் மற்றவர்களோடு ஒப்பிட முடியாத அளவு பெரிய பங்கு வகித்தால், சாய்வுக்கான ஆபத்து கடுமையாக இருக்கிறது. அந்த ஆபத்தே போதும், நீதிபதி விலக வேண்டும். தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்கக் கூடாது என்பது பழைய விதி. எதிர்த்தரப்பின் சம்மதம் இல்லாமல் தன் வழக்குக்கான நீதிபதியை ஒருவர் தேர்ந்தெடுத்தாலும் அதே அச்சம் எழும் என்றார் கென்னடி. நாட்களையும் எடுத்துக்காட்டினார். 2002ல் ஜூரி தீர்ப்பு, 2004ல் பணம். மேல்முறையீடு இந்த நீதிமன்றத்துக்குத்தான் வரும் என்பது பணம் போகும்போதே எல்லாருக்கும் தெரியும்.

40 கேள்விகள்

மாறுபட்ட தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ். ஸ்கேலியா, தாமஸ், அலிட்டோ அவரோடு சேர்ந்தார்கள். பெரும்பான்மை சொன்ன விதியை எப்படி நடைமுறைப்படுத்துவது என்று ராபர்ட்ஸ் எண் போட்டு 40 கேள்விகள் கேட்டார். எவ்வளவு பணம் என்றால் அதிகம்? பணம் கொடுத்தது தனி ஆள் அல்ல, ஒரு சங்கமோ தொழிற்துறையோ என்றால்? ஆதரித்தவருக்கு எதிராகவே அந்த நீதிபதி முன்பு தீர்ப்பளித்திருந்தால்? கொடுத்த பணம் பலிக்காமல் எதிர் வேட்பாளர் ஜெயித்தால்? கடைசிக் கேள்வியை நெருங்கும்போது படிக்கிறவருக்கு மூச்சு வாங்கும்.

நான் கென்னடியின் பக்கம். இருந்தாலும் அந்த 40 கேள்விகளுக்குப் பெரும்பான்மைத் தீர்ப்பில் பதில் இல்லை என்பதை மறைப்பது சரியல்ல. இது விதிவிலக்கான, அசாதாரணமான வழக்கு என்று கென்னடி பல இடங்களில் சொல்லிச் சொல்லி நகர்கிறார். ஆனால் அந்தக் கேள்விகளைத் திரும்பப் படித்தபோது எனக்கு வேறொன்று பட்டது. அவற்றில் பெரும்பாலானவை எழுவதே நீதிபதி தேர்தலில் நிற்பதால்தான். ராபர்ட்ஸ் கென்னடியின் விதியில் சிக்கல் காட்டினார். நான் அதைத் தேர்தல் முறையின் சிக்கல் பட்டியலாகத்தான் படித்தேன்.

அப்புறம் நடந்தது

வழக்கு மேற்கு வர்ஜீனியாவுக்குத் திரும்பியது. 2009 நவம்பரில், பெஞ்சமின் இல்லாத அமர்வு 4க்கு 1 என்ற கணக்கில் அதே முடிவுக்கு வந்தது. வர்ஜீனியாவில்தான் வழக்குப் போட்டிருக்க வேண்டும் என்ற ஷரத்தைக் காட்டி ஜூரி தீர்ப்பை ரத்து செய்தது.

அப்படியென்றால் இத்தனை பாடும் வீணா? சிலர் அப்படித்தான் சொன்னார்கள். பெஞ்சமின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முடிவு ஒன்றே, ராபர்ட்ஸ் சொன்னதுதான் சரி என்று. எனக்கு இது நேர்மாறாகத் தெரிகிறது. 2007, 2008 தீர்ப்புகள் சட்டப்படி சரியாகவே இருந்திருக்கலாம். சரியான தீர்ப்பைக்கூட நம்ப முடியாத நிலையை 2004 தேர்தல் உண்டாக்கிவிட்டது. தோற்றவர் "சட்டம் அப்படி" என்று தலையைக் குனிந்து வீட்டுக்குப் போக வழியில்லை. பெஞ்சமினுக்கும் அநியாயம்தான். மாஸிக்குச் சாதகமாகச் சொன்னால் கடன் தீர்த்தார் என்பார்கள், எதிராகச் சொன்னால் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னார் என்பார்கள்.

மேனார்ட் 2008ல் தன் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலிலேயே தோற்றார். மாநிலம் சில சீர்திருத்தங்களைச் செய்தது. 2012 தேர்தலுக்கு, அரசுப் பணத்தில் பிரசாரம் செய்யும் சோதனைத் திட்டம் வந்தது. அந்தப் பணத்தில் நின்று வென்ற ஆலன் லவ்ரி மோசடிக் குற்றங்களில் குற்றவாளி என்று 2018ல் தீர்ப்பானது தனிக் கதை. 2015ல் நீதிபதித் தேர்தலிலிருந்து கட்சி அடையாளம் நீக்கப்பட்டது. 2016ல் அப்படி நடந்த முதல் தேர்தலில் பெஞ்சமின் மறுபடி நின்று தோற்றார்.

தேர்தல் எதற்காக வந்தது

நீதிபதித் தேர்தலை ஆதரிப்பவர்களிடம் வலுவான வரலாறு இருக்கிறது. 1832ல் மிசிசிப்பி தன் எல்லா நீதிபதிகளையும் மக்கள் ஓட்டால் தேர்ந்தெடுக்கத் தொடங்கியது. 1846ல் நியூயார்க்கும் அந்த வழிக்கு வந்தது, பிறகு மாநிலம் மாநிலமாகப் பரவியது. ஆளுநர்களும் சட்டமன்றங்களும் தங்கள் ஆட்களை நீதிபதி நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டிருந்த காலம் அது. அவர்கள் பிடியிலிருந்து நீதிபதியை விடுவிக்கத்தான், அதாவது நீதித்துறைச் சுதந்திரத்துக்காகத்தான், தேர்தல் கேட்டார்கள். அந்தக் கவலை இன்றும் பொய்யாகவில்லை. நியமனத்திலும் நியமிப்பவருக்கு நன்றிக்கடன் உண்டு.

ஆனால் இரண்டு கடனும் ஒன்றல்ல. ஆயுள் முழுக்கவோ ஒரே நீண்ட காலத்துக்கோ நியமிக்கப்பட்ட நீதிபதி, நியமித்தவரிடம் மறுபடி போய் நிற்க வேண்டியதில்லை. தேர்தலில் வந்தவர் மறுபடி நிற்க வேண்டும், மறுபடி பணம் வேண்டும். தீர்ப்பு எழுதும் மேசையில் அடுத்த தேர்தலும் உட்கார்ந்திருக்கிறது. 2010ல் அயோவாவில் இதுதான் நடந்தது. அங்கே நீதிபதிகள் நியமிக்கப்பட்டு, பிறகு 'தொடரலாமா, வேண்டாமா' என்ற ஓட்டுக்கு வருகிறார்கள். ஒருபாலினத் திருமணத்தை அனுமதித்த 2009 தீர்ப்புக்காக, அந்த ஆண்டு ஓட்டுக்கு வந்த மூன்று நீதிபதிகளும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். சிறுபான்மை ஒன்றின் உரிமையைக் காக்க எழுதிய தீர்ப்புக்குப் பெரும்பான்மை மதிப்பெண் போட்டது.

மெக்சிகோ 2025 ஜூன் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உட்பட நீதிபதிகளை மக்கள் ஓட்டால் தேர்ந்தெடுத்தது. வாக்களித்தவர்கள் 13 சதவீதம் அளவுக்குத்தான். ஒரே நாளில் ஏராளமான பெயர்களைப் பார்த்துத் தகுதியை எடைபோட எந்த வாக்காளரால் முடியும்? யாருக்குப் போடுவது என்று எண்கள் அச்சிட்ட துண்டுச் சீட்டுகள் ஊர் ஊராகச் சுற்றியதில் வியப்பில்லை.

அதே ஆண்டு ஏப்ரலில் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றத்தின் ஒரே ஓர் இடத்துக்குச் சுமார் 10 கோடி டாலர் செலவானது. எலான் மஸ்க்கும் அவரோடு தொடர்புள்ள குழுக்களும் கொட்டிய பணம் மட்டும் 2 கோடி டாலருக்கு மேல். மஸ்க்கின் டெஸ்லா நிறுவனம், கார்களைத் தானே நேரடியாக விற்க அனுமதி கேட்டு அந்த மாநிலத்தில் ஜனவரியில்தான் வழக்குப் போட்டிருந்தது. மஸ்க் ஆதரித்த வேட்பாளர் தோற்றார். பணம் எப்போதும் ஜெயிக்காது என்று இதைக் காட்டுகிறார்கள். சரி, ஆனால் மஸ்க்கை எதிர்த்துப் பிரசாரம் செய்து வென்ற நீதிபதி முன்னால் நாளை டெஸ்லா வழக்கு வந்தால்? ஸ்டார்ச்சர் விலகிய காரணம் ஞாபகம் வருகிறது. தேர்தல் நன்றிக்கடனை மட்டுமல்ல, பகையையும் நீதிமன்றத்துக்குள் கொண்டுவருகிறது. 2009 விதி கடனைப் பற்றித்தான் பேசியது.

வர்ஜீனியாவில்

கேப்பர்டன் விடவில்லை. வர்ஜீனியாவில்தான் வழக்குப் போட வேண்டும் என்று சொன்னதால் அங்கேயே போட்டார். அங்கும் பழைய தீர்ப்புகளைக் காட்டி வழக்கை நிறுத்தப் பார்த்தார்கள். 2013ல் வர்ஜீனியா உச்ச நீதிமன்றம் வழக்கு நடக்கலாம் என்றது. 2014ல், ஹார்மன் சுரங்கம் இருந்த அதே புக்கனன் கவுண்டியில், ஒரு ஜூரி மறுபடியும் மாஸி தவறு செய்தது என்று தீர்ப்புச் சொன்னது. இழப்பீடு 50 லட்சம் டாலர், 2002ல் பூன் கவுண்டி ஜூரி கொடுத்ததில் பத்தில் ஒரு பங்கு. ஹார்மன் திவாலாகி அப்போது 16 ஆண்டுகள் ஆகியிருந்தன.